ஒரு பேட்ச், ஒரு வேலை

அந்தக் கடிதம் வந்து இரண்டு நாள் பூதக்கண்ணாடி யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படி அவன் சிரித்த இடத்தில்தான் சென்ற வாரம் கதையை நிறுத்தியிருந்தோம்.

பூதக்கண்ணாடி என்பது வீட்டில் தங்கைக்கு வைத்த பெயர். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. எதையும் நாலு தடவை பார்க்காமல் விடமாட்டாள். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள். பாதிப் படி இறங்கியதும் சந்தேகம் வந்து, திரும்ப ஏறிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள்.

அண்ணனுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பார்வை போய்விட்டது. இப்போது மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் கண்ணால் படிப்பதைவிட வேகமாக வேலை பார்ப்பான். அந்த மென்பொருள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஓப்பன் சோர்ஸ் என்பார்களே, அந்த வகை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பழுது இருந்தால் திருத்தி, அந்தத் திருத்தத்தை ஒரு பேட்சாக அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்கேயோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அவருக்கு வாசல்காரர் என்று பெயர்.

பழுது இதுதான். மருத்துவமனையில் புதிதாக வந்த நோயாளிப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் எச்சரிக்கைக் குறிப்பு இருக்கும். மென்பொருள் அந்தக் கட்டத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டது. தோளை உயர்த்தக் கூடாது என்று குறிப்பு இருந்த ஒரு அம்மாளின் தோளில் அண்ணன் கை வைத்துவிட்டான். நல்லவேளையாக அந்த அம்மாளே வாய் திறந்து சொன்னார். ஆனால் பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்து வெளிவரும் பதிப்பு அந்தக் கட்டத்தைப் படித்தால் சரி, இல்லாவிட்டால் அண்ணன் சிகிச்சை அறையை விட்டுவிட்டுத் தொலைபேசி மேஜையில் உட்கார வேண்டியதுதான்.

அந்தப் பதிப்புக்கான வாசல் இன்று, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சாத்தப்படுகிறது. அடுத்தது திறக்க ஐந்து மாதம் ஆகும்.

காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, பூதக்கண்ணாடி மடிக்கணினியை ஒரு பக்கமும் நோட்டுப் புத்தகத்தை இன்னொரு பக்கமும் வைத்தாள். நோட்டில் வாசல்காரரின் கடிதத்தைத் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். திட்டு வாங்கினால் அதை எழுதி வைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

கடிதத்தில் நீளமாக ஒன்றும் இல்லை. நீங்கள் திருத்தியது நான்கு வரி, பெருக்கித் துடைத்தது முந்நூற்றுச் சொச்சம் வரி. இதில் எதை நான் படிப்பது என்று கேட்டிருந்தார். ஒரு பேட்சுக்கு ஒரு வேலை, பிரித்து அனுப்புங்கள் என்றும் சொல்லியிருந்தார். கீழே இன்னொரு வரி: “பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் ‘வந்துட்டேன், வந்துட்டேன்’ என்கிறதே, அது யார்?”

அண்ணன் சிரித்தது அதற்குத்தான். நிரல் சரியான இடத்துக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க அவள் சோதனைக்காகப் போட்ட வரி அது. எடுக்க மறந்துவிட்டாள்.

பெருக்கித் துடைத்த கதை வேறு. சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். வரிகளின் கடைசியில், ஸ்பேஸ் பட்டனைத் தட்டியதால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களை, கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் தானாகவே துடைத்துவிடும்படி தான் நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு வசதியைப் போட்டு வைத்திருந்தாள். அவள் கைவைத்த இரண்டு கோப்புகளிலும் பலர் பல வருடமாகச் சிந்திய வெற்றிடங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் இருந்தன. எல்லாம் ஒரே அமுக்கில் போயின. அவளுக்கு அது நல்ல காரியமாகவே பட்டது. அடுத்தவர் வீட்டுக்குக் குழாய் பழுது பார்க்கப் போனவள் கூடத்தையும் கழுவிவிட்டு வந்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று அவள் யோசிக்கவில்லை.

இன்று பிரிக்க வேண்டும். மென்பொருளின் புதுப் பிரதி ஒன்றை இறக்கிக்கொண்டாள். ‘வந்துட்டேன்’ வரியை விட்டாள், துடைத்ததையெல்லாம் விட்டாள். தன் நான்கு வரிகளை மட்டும், எடிட்டர் பக்கமே போகாமல், ஒரு கட்டளையால் எடுத்து ஒட்டினாள்.

அந்த நான்கு வரிகள்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மென்பொருள் கட்டங்களை எண்ணும்போது ஒன்று குறைத்து எண்ணுகிறது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்து, இன்னொரு கட்டம் இருக்கிறதா பார் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்த வரிகள். வகுப்பு வாத்தியார் பார்த்துவிட்டு, புதன்கிழமை எல்லோர் முன்னாலும் விளக்கிச் சொல்லச் சொல்லியிருந்தார். அவளை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பதினோரு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டாள். மருத்துவமனைப் பட்டியலைப் போலவே வீட்டில் ஒரு பொய்ப் பட்டியல் செய்து வைத்திருந்தார்கள். அதில் இருந்த நோயாளிகளுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயர். பெரியப்பாவுக்குக் கடைசிக் கட்டத்தில், முழங்காலில் மூன்று அறுவை என்ற குறிப்பு. அண்ணன் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு கேட்டான். அவன் வைத்திருக்கும் வேகத்தில் அந்தக் குரல் தகரக் கூரையில் மழை பெய்வது போலத்தான் மற்றவர்களுக்குக் கேட்கும்.

“ஊமை,” என்றான்.

“எது?”

“கடைசிக் கட்டம். பெரியப்பா பேர், வயசு, ரூம் நம்பர், அவ்ளோதான். முழங்கால் வரல.”

அவள் போன வாரம் அனுப்பிய பழைய பேட்சை, துடைத்தது உட்பட அப்படியே போட்டுக் கொடுத்தாள். முழங்கால் பேசியது. மறுபடியும் நான்கு வரிகளை மட்டும் வைத்தாள். ஊமை.

தன்மேல்தான் முதல் சந்தேகம். எதையோ தப்பாக நகல் எடுத்திருப்போம் என்று நான்கு வரிகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். சரியாகவே இருந்தன. பன்னிரண்டு மணிவரை அவற்றையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, செய்ய மனமில்லாத ஒரு சோதனையைச் செய்தாள். நான்கு வரிகளையும் எடுத்துவிட்டு, வெறுமே துடைத்ததை மட்டும் போட்டு அண்ணனிடம் கொடுத்தாள்.

“பேசுது,” என்றான் அண்ணன். அவள் நோட்டைப் பட்டென்று மூடியதும், “நல்ல சேதிதானே சொன்னேன்?” என்றும் கேட்டான்.

நல்ல சேதிதான். அவள் மூன்று வாரம் உழைத்த நான்கு வரிகள் ஒன்றுக்கும் உதவவில்லை என்ற சேதியும் அதற்குள்ளேயே இருந்தது. நோயைத் தீர்த்தது அவள் விளக்குமாறு. முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் எங்கேயோ ஒரு வெற்றிடம் அந்தக் கட்டத்தின் வாயைக் கட்டி வைத்திருந்தது. எந்த இடம் என்று பார்க்காமலே அவள் அதைத் துடைத்திருக்கிறாள்.

ஒன்றரை மணிக்கு அண்ணி வந்தாள். அண்ணி பேருந்து ஓட்டுநர். காலை ஷிஃப்ட் முடித்து, சீருடைச் சட்டையோடே மேஜைக்கு வந்து நின்றாள். சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கினபடியே இருப்பதைப் பார்த்தாள், இரண்டு முகங்களையும் பார்த்தாள், யார் செத்தது என்று கேட்டாள். நாலு வரி என்றான் அண்ணன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அண்ணி முதலில் மூன்று பேருக்கும் சோறு போட்டாள். சாப்பிடும்போதே பூதக்கண்ணாடி தன் யோசனையைச் சொன்னாள். துடைத்த வரிகளை இரண்டு பாதியாக்குவது. முதல் பாதியை மட்டும் போட்டு அண்ணன் கேட்பது. பேசினால் சரக்கு அந்தப் பாதியில் இருக்கிறது, ஊமையாக இருந்தால் மற்றதில். பிறகு அந்தப் பாதியை இன்னும் இரண்டாக்குவது. இப்படி ஒன்பது தடவை போனால் ஒரே வரியில் வந்து நிற்கும்.

“நான் என்ன பண்ணணும்?” என்றாள் அண்ணி.

“நோட்டில எழுதுங்க அண்ணி. என் ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கும்.”

இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். நூற்று ஐம்பத்தாறு வரி: ஊமை. மற்ற பாதிக்குப் போய் எழுபத்தெட்டு: ஊமை. முப்பத்தொன்பது: பேசுது. ஒவ்வொரு தடவையும் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும், பட்டியலைத் தொடக்கத்திலிருந்து ஓட விட வேண்டும். பெரியப்பாவின் முழங்காலுக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த மனிதர் நேரில் வந்தபோதுகூட வீட்டில் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை என்றான் அண்ணன்.

ஐந்தாவது சுற்றில் பேசுது என்று அவன் சொன்னதும் பூதக்கண்ணாடிக்கு ஒரு சந்தேகம்: மூடித் திறந்தோமா இல்லையா? இன்னொரு தடவை செய்தாள். பேசியது. அப்படியும் மனம் கேட்கவில்லை. மூன்றாம் தடவைக்கு அவள் கை போனபோது அண்ணி நோட்டை மேஜைமேல் வைத்தாள்.

“வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரேக் மிதிச்சுப் பாக்கலாம். உன்னை மாதிரி ஆளு ரெண்டு தடவை மிதிக்கட்டும். அப்புறமும் மிதிச்சுக்கிட்டே நின்னா பின்னாடி இருக்கிறவன் இறங்கி நடந்து போயிடுவான்.”

பூதக்கண்ணாடி கையை எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் ஒரு வரியில் வந்து நின்றார்கள்.

அது நிரல்கூட இல்லை. எந்தெந்த வகைக் கட்டங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்ற ஒரு நீளமான பட்டியல். ஒரு வரியில் அடங்காததால் ஆறு வரியாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சாய்கோடு. இன்னும் முடியவில்லை, அடுத்த வரியையும் சேர்த்துப் படி என்று அதற்கு அர்த்தம். ஐந்தாம் வரியின் சாய்கோட்டுக்குப் பின்னால் யாரோ கை தவறி ஒரு வெற்றிடத்தைத் தட்டியிருந்தார்கள். அதனால் சாய்கோடு வரியின் கடைசியில் இல்லை என்று ஆகிவிட்டது. மென்பொருள் பட்டியல் முடிந்தது என்று எழுந்து போய்விட்டது. ஆறாம் வரி தனியே நின்றது. அந்த வரியில்தான் எச்சரிக்கைக் குறிப்பு.

அவள் பேட்சைத் திரையில் காட்டினாள். நீக்கிய வரி மேலே, சேர்த்த வரி கீழே. அண்ணி குனிந்து பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“மேல இருக்கிறதுக்குக் கடைசியில ஒரு காலி இடம் இருக்கு, அண்ணி. கீழ இல்ல.”

“இதுக்கா மூணு வாரம் ராத்திரி பகலா உக்காந்திருந்தே?”

“இல்ல. அது வேற நாலு வரிக்கு.”

இப்போது அந்த நான்கு வரிகளை என்ன செய்வது? பூதக்கண்ணாடி சுற்றி வளைத்துக் கேட்டாள். அவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை, கூடவே இருந்துவிட்டுப் போகலாம், இன்னும் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். புதன்கிழமை வகுப்பைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் மேஜையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

அண்ணன் ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டே, அந்த நாலு வரி இல்லாமல் முழங்கால் பேசுகிறதா என்று மட்டும் கேட்டான். பேசுகிறது என்றாள்.

“ஏறாத ஆளுக்கு எதுக்கு டிக்கெட்?” என்றாள் அண்ணி.

பூதக்கண்ணாடி நான்கையும் எடுத்துவிட்டாள். மீதி முந்நூற்றுப் பதினொரு வரிகளையும் விட்டாள். அழுக்கு அழுக்காகவே கிடக்கட்டும். இரண்டில் எது அதிகமாக வலித்தது என்று அவளைக் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

பேட்சின் தலையில் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது வாசல்காரர் வீட்டு வழக்கம். என்ன செய்தோம் என்பது கீழே இருக்கும் வரிகளைப் பார்த்தாலே தெரியும். ஏன் செய்தோம் என்பதைத்தான் குறிப்பு சொல்ல வேண்டும். ஒரு வெற்றிடத்தை எடுத்ததற்கு அவள் நான்கு பத்தி எழுதினாள், மூன்றை அடித்தாள், மறுபடி ஒன்றைச் சேர்த்தாள். சாய்கோட்டின் கதையைச் சொன்னாள். அது எதைப் பேசவிடாமல் செய்தது, பாதி பாதியாக எப்படிக் கண்டுபிடித்தோம் என்றும் எழுதினாள். போன வாரம் நான் காட்டிய காரணம் தப்பு என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசியில், சோதித்தவர் என்று அண்ணனின் முழுப்பெயரும் மின்னஞ்சல் முகவரியும்.

“பேர் போடுறியா?” என்றான் அவன்.

“சோதிச்சது நீதானே.”

“சரிதான். பெரியப்பா பேரையும் போடு. முழங்கால் அவரோடது.”

மணி ஐந்து பத்து. அனுப்புவதற்கு முன் தன் பேட்சைத் தானே ஒரு புதுப் பிரதியில் ஒட்டிப் பார்க்க வேண்டும்; அதுவும் அங்கே ஒரு வழக்கம். ஒட்டினாள். ஒட்டவில்லை. நீ நீக்கச் சொல்லும் வரி இங்கே இல்லை என்றது கணினி.

அவள் இன்னொரு பிரதியில் முயன்றாள். அதே பதில். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணன் மட்டும் மெதுவாக, கடைசியாக என்ன செய்தாய் என்று கேட்டான். ஒன்றும் செய்யவில்லை, குறிப்பில் ஒரு கமாவை மாற்றிச் சேமித்தேன் என்றாள்.

சேமித்தேன் என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

சேமிக்கும்போதெல்லாம் துடைக்கும் எடிட்டர் பேட்சையும் துடைத்திருந்தது. நீக்க வேண்டிய வரியின் கடைசியில் இருந்த அந்த ஒற்றை வெற்றிடம் போய்விட்டது. மேல் வரியும் கீழ் வரியும் இப்போது நிஜமாகவே ஒன்றாகிவிட்டன. அண்ணி முதலில் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது.

எடிட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். தானாகத் துடைக்கும் வசதிக்கு எதிரே ஒரு சின்னப் பெட்டியில் டிக் இருந்தது. மடிக்கணினி வாங்கிய முதல் நாள் அவள் போட்டது. அதை எடுத்தாள். பேட்சைப் புதிதாகச் செய்தாள், வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. புதுப் பிரதியில் ஒட்டினாள். ஒட்டியது. அண்ணன் கேட்டான். முழங்கால் பேசியது.

“இன்னொரு தடவை பாக்கணுமா?” என்றாள் அண்ணி.

“வேண்டாம்,” என்றாள் பூதக்கண்ணாடி.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

பிறகு மூன்று பேரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி ஒருவழியாகச் சீருடையை மாற்றிக்கொண்டு வந்தாள். ஜன்னல் வழியாக மாலை வெயில் மேஜையின் பாதிவரை வந்திருந்தது. வெற்றிடத்தை எடுத்து ஒரு பேட்ச் அனுப்பியவள் என்று வாசல்காரர் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார் என்று பூதக்கண்ணாடி ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே சேர்த்தால் போதும் என்றான் அண்ணன்.

ஐந்து ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

“சேர்த்துவிட்டேன். இன்றைய பதிப்பில் போகிறது. இரண்டு வருடமாக இந்தப் புகார் வருகிறது. மூன்று பேர் தேடிக் கைவிட்டார்கள். அந்த வெற்றிடத்தைத் தட்டியவன் யார் என்று பழைய பதிவுகளில் பார்த்தேன். நான்தான். குறிப்பு நன்றாக இருந்தது.”

குறிப்பு நன்றாக இருந்தது. அதை அவள் மனசுக்குள் இன்னொரு முறை படித்துக்கொண்டாள். புதன்கிழமை வகுப்பில் நான்கு வரிகளை விளக்க முடியாது. அவை ஏன் தப்பு என்று விளக்கலாம். வாத்தியார் என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் அதை நினைக்கும்போது பயம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம்.

அண்ணி அண்ணனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் போய் என்ன சொல்வதாக உத்தேசம் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லப் போவதில்லை, அவர் முன்னாலேயே பட்டியலைச் சத்தமாகப் பேச விடப்போகிறேன் என்றான்.

அப்போது அண்ணனின் போன் கிணுகிணுத்தது.

கடிதம் வாசல்காரரிடமிருந்து. பூதக்கண்ணாடிக்கு நகல் இல்லை, சோதித்தவருக்கு மட்டும். அவள் மடிக்கணினியை எட்டிப் பார்த்தாள், எதுவும் வந்திருக்கவில்லை. அண்ணன் ஹெட்போனை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டான்.

கேட்டு முடித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து போட்டான். அவள் அறிந்து அண்ணன் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இந்த முறை வேகத்தையும் குறைத்திருந்தான். ஹெட்போன் வழியாகக் கசிந்த குரல், ஒரு மனிதர் நிதானமாகப் பேசுவது போல இருந்தது.

“என்னங்க, என்னவாம்?” என்றாள் அண்ணி.

அவன் ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி மேஜைமேல் வைத்தான். தங்கை பக்கம் திரும்பவில்லை.

“உனக்கு அடுத்த மாசம் எத்தனை நாள் லீவு கிடைக்கும்?” என்று அண்ணியைக் கேட்டான். கடிதத்தில் என்ன இருந்தது என்பது அடுத்த வாரம்.